சிங்கப்பூர் உணவங்காடியில் நல்ல காய்கறிச் சாப்பாடு பிடிப்பது எப்படி

சிங்கப்பூரைச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் உணவங்காடி நிலையங்களில்தான் சாப்பிடுவார்கள், நூடுல்ஸும் வறுத்த சோறுமாகவே நாள் போனால் வயிறு காய்கறிக்கு ஏங்கும். காய்கறி அங்கே நிறையவே இருக்கிறது, எந்தக் கடை முன்னால் நிற்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் எகானமி ரைஸ் கடையைத் தேடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் கூட்டும் பொரியலும் வைத்திருப்பார்கள், பெயர் தெரியாவிட்டாலும் விரலைக் காட்டினால் எடுத்துப் போடுவார்கள். முட்டைக்கோஸ், கத்தரிக்காய், பாகற்காய், ஏதாவது ஒரு கீரை என்று பெரும்பாலும் கிடைக்கும். சோற்றைக் குறைக்கச் சொல்லி காய் மூன்று வகை வாங்குங்கள், இறைச்சியைவிட விலையும் குறைவு. பதினொன்றரைக்கே போவது நல்லது, மதியம் இரண்டு மணி தாண்டினால் கீரை துவண்டு கிடக்கும்.

அப்புறம் யோங் தௌ ஃபூ. கிண்ணத்தில் நாமே காளான், டோஃபு, பச்சைக் கீரை என்று பொறுக்கிக் கொடுத்தால் வேகவைத்து சூப்போடு தருவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், எண்ணெயே இல்லாமலும் சாப்பிடலாம்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனம். யோங் தௌ ஃபூவில் வெண்டைக்காய்க்குள் மீன் விழுது இருக்கும், சம்பல் கங்கோங் கீரையில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும். 'வெஜிடேரியன்' பலகை வைத்த சீன சைவக் கடைக்குப் போங்கள், இல்லாவிட்டால் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போனால் சைவ உணவகங்களில் வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும்.