காற்றுப் பாடம்: பலூன் தராசை விடுங்கள், ஃபுட்பாலை எடுங்கள்

ஆறாம் வகுப்பு அறிவியலில் காற்றுப் பாடம் வந்ததும் பெரும்பாலான ஆசிரியர்கள் குச்சியில் இரண்டு பலூன் கட்டித் தொங்கவிடுவார்கள். காட்பாடிப் பக்கம் என் வகுப்பில் அதுதான் படுத்தி எடுத்தது. சுலபமானதை முதலில் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன். தொடங்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். வேலூர் வெயிலுக்குப் பிள்ளைகள் முனகத்தான் செய்வார்கள்.

1. காற்று இடத்தை அடைக்கும்

டம்ளருக்குள் காகிதத்தைத் திணித்துத் தண்ணீரில் கவிழ்ப்பது எல்லோருக்கும் தெரியும். எவர்சில்வர் டம்ளரில் செய்தால் உள்ளே நடப்பது தெரியாது. எனக்குப் பிடித்தது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அடியை வெட்டிவிடுங்கள், மூடி இருக்கட்டும். பக்கவாட்டில் பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் நிரப்பி, சின்னக் காகிதக் கப்பலை மிதக்கவிட்டு, அதன்மேல் பாட்டிலை நேராக அழுத்துங்கள். கப்பல் நனையாமல் அடிவரை இறங்கும். இப்போது மூடியைத் திறந்தால் காற்று புஸ்ஸென்று வெளியேறும், கப்பல் மேலே ஏறும். மூடிக்கு மேலே ஒரு பிள்ளையின் உள்ளங்கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் விளக்கமே தேவைப்படாது.

டப்பா லாங் பஜாரில் கிடைக்கும். மிட்டாய்க் கடையில் காலியான பெரிய டப்பாவைக் கேட்டாலும் போதும்.

2. காற்றுக்கு எடை உண்டு

ஊதிய பலூன் ஒரு பக்கம், ஊதாத பலூன் மறுபக்கம். ஊதியது தாழும் என்று சொல்லிவிடுவோம். குச்சி அசையவே அசையாது, அல்லது தவறான பக்கம் சாயும்.

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்குக் காரணம் உடனே புரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கனமே தெரியாது, மேலே வந்தால்தான் கயிறு கையை அறுக்கும். பலூனும் அப்படித்தான் காற்றுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். மூன்று லிட்டர் பலூனில் ஏறக்குறைய மூன்றரை கிராம் காற்று இருந்தாலும், அது வெளியே தள்ளிய காற்றும் கிட்டத்தட்ட அதே அளவு. தராசுக்குத் தெரிவது, ரப்பர் இறுக்கிப் பிடித்திருக்கும் கொஞ்சம் கூடுதல் காற்று மட்டும். அது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். சில வகுப்புகளில் குச்சி சாய்வதற்கு அந்த எச்சிலே காரணமாக இருக்கலாம்!

ஆகவே ஃபுட்பால். 5-ஆம் எண் பந்துக்குள் ஐந்தரை லிட்டர் இடம் இருக்கும். ரப்பர் போல அது விரியாது. காற்றை அடிக்க அடிக்க உள்ளே நெருக்கம்தான் கூடும், எடையும் கூடும்.

முதலில் பந்து உருண்டையாக, ஆனால் விரலால் அழுத்தினால் அமுங்கும்படி இருக்க வேண்டும். சப்பிப்போன பந்தில் தொடங்காதீர்கள். சப்பை நிமிரும்வரை உள்ளே போகும் காற்றும் வெளியே தள்ளப்படும் காற்றும் சமமாகிவிடும், தராசு அசையாது. பலூனில் வந்த அதே தொல்லை. அப்புறம் டிஜிட்டல் சமையல் தராசில் ஒரு சின்னப் பிரிமணை வைத்து அதன்மேல் பந்தை வைத்து எடையைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பந்தை வைத்துவிட்டுப் பூஜ்யம் ஆக்குகிற பொத்தானை நம்பாதீர்கள். நீங்கள் பம்ப் அடித்து முடிப்பதற்குள் தராசு தானாக அணைந்துவிடும், கணக்கும் போய்விடும்.

இனி ஊசி மாட்டிய பம்பால் பந்து கல்லுபோல ஆகும்வரை அடியுங்கள். மறுபடி வையுங்கள். நான்கு கிராம் அளவுக்குக் கூடியிருக்கும். ஊசியை லேசாகச் செருகிக் காற்றை விட்டால் எடை இறங்குவதையும் காட்டலாம். பம்ப் அடிக்க ஆள் தேட வேண்டாம், கடைசி பெஞ்சே வரிசையில் நிற்கும்.

3. காற்று அழுத்தும்

தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளர்மேல் அட்டையை வைத்துக் கவிழ்ப்பது. வாய் 6 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு சுமார் 28 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ வீதம் காற்று மேல்நோக்கித் தாங்குவது கிட்டத்தட்ட 28 கிலோ. உள்ளே இருக்கும் தண்ணீர் கால் கிலோகூட இல்லை. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போட வையுங்கள்.

அடுத்தது, பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, உடனே மூடியை இறுக்கிக் குளிர்ந்த நீரில் பிடிப்பது. பாட்டில் நசுங்கும். கொதிநீர் வேண்டாம், சூட்டிலேயே பிளாஸ்டிக் சுருங்கிவிடும், காற்றின் வேலை எது என்று சொல்ல முடியாது. குளிக்கிற சூடு போதும். கத்திரி வெயிலில் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தாலே அந்தச் சூடு வரும், என்ன செய்வது, அப்போது பள்ளிக்கூடம் இருக்காது.

4. மெழுகுவர்த்தி விவகாரம்

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே டம்ளர். சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். “ஆக்சிஜன் தீர்ந்தது, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறியது” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆக்சிஜன் முழுதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறுகிறது, மிச்சம் ஆறிச் சுருங்கும்போது வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்துப் பாருங்கள். டம்ளரில் ஆக்சிஜன் அதே அளவுதான், தண்ணீர் மட்டும் அதிகமாக ஏறும்.

பின்சேர்க்கை: அட்டை ஊறித் தொங்குகிறது என்று குடியாத்தத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். லேமினேட் செய்த பழைய அட்டையை வெட்டிப் பயன்படுத்துங்கள், டம்ளரின் விளிம்பை மட்டும் முன்கூட்டியே நனைத்துவிடுங்கள்.

இன்னொன்று: சுற்றுலாவுக்கு ஏலகிரி போகிறவர்கள் (பழைய வட ஆர்க்காட்டு மலைதான், இப்போது திருப்பத்தூர் மாவட்டம்) மேலே போனதும் காலி பாட்டிலை நன்றாக மூடி எடுத்து வாருங்கள். சுமார் 1,000 மீட்டர் உயரத்துக் காற்று நெருக்கம் குறைந்தது. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருவதற்குள் பாட்டில் ஒடுங்கியிருக்கும். ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பும். பாட்டிலை வண்டியின் இன்ஜின் பக்கமோ வெயில் படும் ஜன்னலோரமோ வைக்க வேண்டாம், சூட்டில் காற்று விரிந்து ஒடுக்கம் தெரியாமல் போய்விடும்.