அடங்காத தூசியை அடக்கிய விதம்: என் அனுபவம்

கல் குவாரி ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தபோது, நொறுக்கு இயந்திரத்திலிருந்து கன்வேயர் பெல்ட்டில் கல் விழும் இடத்தில், தண்ணீர் தெளிப்பான்கள் நாள் முழுவதும் ஓடியும் தூசி அடங்கவே இல்லை. தண்ணீரைக் கூட்டினேன், பெல்ட் சேறானதே தவிர, மாலை வெயில் சாய்ந்து விழும்போது அந்த மெல்லிய மூட்டம் அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

குறை துளியின் பருமனில் இருந்தது. பெரிய துளி விழும்போது தன் முன்னுள்ள காற்றை விலக்கிக்கொண்டே செல்வதால், நுண்துகளும் அக்காற்றோடு விலகித் தப்பிவிடுகிறது. நுரையீரலின் ஆழம்வரை செல்பவை பெரும்பாலும் 5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்களே. அவற்றில் உள்ள சிலிக்கா என்ற கனிமம் உண்டாக்கும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. தெளிப்பான்களின் நாசில்களை, அதாவது தண்ணீர் பீய்ச்சும் முனைகளை, கழற்றிப் பார்த்தேன்: சிலவற்றின் துளைகளை வெள்ளைப் படிவு அடைத்திருந்தது, மற்றவை தேய்ந்து அகன்றிருந்தன. நுண்துளி நாசில்களை மாட்டி, குழாயில் வடிகட்டி பொருத்தி, கல் விழும் இடத்தை ரப்பர் திரையால் மூடிய பிறகுதான் மூட்டம் குறைந்தது. தொழிலாளர்களின் காலரில் பொருத்திய தூசி மாதிரிக் கருவியின் அளவீடும் அதை உறுதிசெய்தது.

வேலை முடிந்ததும் அழுத்தக் காற்றால் உடையை ஊதிக்கொள்ளும் பழக்கம் என்னை மிகவும் வருத்தியது, ஏனெனில் அது படிந்த தூசியை நேராக மூக்கருகே கிளப்பிவிடுகிறது. அந்தக் காற்றுக்குழாயை அகற்றி, நுண்வடிகட்டியுள்ள தூசி உறிஞ்சியை வைத்தோம். முகமூடியைக் கைவிடவில்லை, தாடி இருந்தால் முகமூடியின் விளிம்பு முகத்தோடு பொருந்தாது என்பதை ஒவ்வொருவரிடமும் நேரில் விளக்கினேன். நாசில்களை இப்போது வாரந்தோறும் கழற்றிக் கழுவுகிறோம்.