பழைய மைக்ரோசர்வரில் பழுதான பவர் சப்ளையை மாற்றும் முறை

எச்பி நிறுவனம் 2010-இல் வெளியிட்ட புரோலையன்ட் மைக்ரோசர்வர் என்36எல், அதைத் தொடர்ந்து வந்த என்40எல், என்54எல் ஆகிய சிறிய அளவுச் சர்வர்கள் இன்றும் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் கோப்புகளைச் சேமித்து வைக்கப் பயன்படுகின்றன. நான்கு 3.5 அங்குல டிஸ்குகள் அடங்கும் இந்தச் சிறு பெட்டியில் புராசசரும் நினைவகமும் எளிதில் கெடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் ஓடும் இயந்திரத்தில் பெரும்பாலும் முதலில் தளர்வது பவர் சப்ளைக்குள் மின்னூட்டத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர்களும் அதன் சிறு விசிறியும்தான். இந்த வேலையில் ஸ்க்ரூக்களைக் கழற்றி மாட்டுவது எளிது. பழுது உண்மையிலேயே பவர் சப்ளையில்தானா என்று உறுதி செய்வதும், சரியான மாற்றுப் பாகத்தைத் தேர்ந்தெடுப்பதும்தான் கவனம் கேட்பவை.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சர்வரில் எந்த விளக்கும் எரியவில்லை என்றால், சுவரில் உள்ள பிளக்கையும் மின்கம்பியையும் யுபிஎஸ்ஸையும் வேறொரு கருவியை இணைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். இயந்திரம் தொடங்கி, டிஸ்குகள் சுழல ஆரம்பிக்கும் நொடியில் அணைந்து மீண்டும் தொடங்கினாலோ, வெவ்வேறு டிஸ்குகள் மாறி மாறி ரெய்டு தொகுதியிலிருந்து (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்த சேமிப்பிலிருந்து) விலகினாலோ, டிஸ்குகளைச் சுழற்றும் 12 வோல்ட் மின்வழி சுமையைத் தாங்கவில்லை என்று ஐயுறலாம். ஒரே டிஸ்க் மட்டும் திரும்பத் திரும்ப விலகினால் குறை அந்த டிஸ்கிலோ அதன் இணைப்பிலோ இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காகப் பவர் சப்ளை வாங்குவது வீண் செலவு.

பெட்டியைத் திறப்பதற்கு முன் சர்வரை முறையாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, முன்புறப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, மதர்போர்டில் எஞ்சியிருக்கும் மின்னூட்டம் இறங்கவிட வேண்டும். டிஸ்குகள் எந்த வரிசையில் இருந்தன என்பதை ஒவ்வொன்றின் மீதும் எழுதி, அவற்றை வெளியே எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுவது நல்லது. பின்புறத்தில் கையால் திருகும் ஸ்க்ரூவைத் தளர்த்தி மேல்மூடியை நகர்த்தினால், முன்பக்கம் சிடி டிரைவுக்கான இடமும் அதன் பின்னால் பவர் சப்ளையும் தெரியும். மதர்போர்டு கீழே ஒரு தட்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. 24 முனைக் கனெக்டரை எட்ட அந்தத் தட்டை முன்னோக்கி இழுக்க வேண்டும். கம்பிகள் இறுகலாக இருப்பதால், இழுப்பதற்கு முன் டிஸ்க் இணைப்புக் கம்பி, விசிறிக் கம்பி, முன்புற யுஎஸ்பி கம்பி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொன்றையும் கழற்றும்முன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது குழப்பம் இருக்காது.

24 முனைக் கனெக்டரை மதர்போர்டிலிருந்து விடுவித்த பின் பவர் சப்ளையைத் தனியே சோதிக்கலாம். மின்கம்பியை மட்டும் செருகி, 9-ஆம் முனையில், அதாவது ஊதாக் கம்பியில், மல்ட்டிமீட்டரால் அளந்தால் 5 வோல்ட் காட்ட வேண்டும். சர்வர் அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கும் வழி இது. இங்கேயே மின்னழுத்தம் இல்லை என்றால், சுவர் மின்சாரம் சரியாக இருக்கும் பட்சத்தில், முடிவு தெளிவு. இருந்தால், பவர் சப்ளையை முழுமையாக இயக்கிப் பார்க்க, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, 16-ஆம் முனையான பச்சைக் கம்பியை ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியுடன் சிறு உலோகக் கம்பித் துண்டால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுக்க வேண்டும். சில பவர் சப்ளைகள் சுமையே இல்லாமல் நிலையாக இயங்குவதில்லை. ஆகவே பயனில்லாத ஒரு பழைய டிஸ்கை அதனுடன் இணைத்துச் சோதிப்பது நம்பகமானது. மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் வரை ஏற்கத்தக்கவை. 8-ஆம் முனையான சாம்பல் நிறக் கம்பியில் ஏறத்தாழ 5 வோல்ட் வந்தால்தான் மதர்போர்டு தொடங்கும் என்பதால் அதையும் அளந்துவிட வேண்டும். எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருக்கும் பவர் சப்ளைகளும் உண்டு. அவற்றில் முனை எண்ணைக் கொண்டே அடையாளம் காண வேண்டும்.

இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதாலேயே பவர் சப்ளை நல்லதாகிவிடாது. ஒரு டிஸ்கைச் சுமக்கும் முதிய கெப்பாசிட்டர் நான்கு டிஸ்குகளின் தொடக்கச் சுமையில் சரியக்கூடும். சோதனையில் தேறியும் சர்வர் தொடங்கவில்லை என்றால், நினைவகத்தையும் கூடுதல் கார்டுகளையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, மதர்போர்டில் குறுக்குச் சுற்று இல்லை என்று தெளிந்த பின்னரே புதிதாக வாங்க வேண்டும்.

பழைய பவர் சப்ளையின் உறையைத் திறந்து கெப்பாசிட்டரை மாற்றலாமே என்ற எண்ணம் மின்னணுவியல் பழக்கம் உள்ளவர்களுக்கு வரும். 230 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாகும்போது உள்ளே சுமார் 325 வோல்ட்டைத் தொடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது பெரிய கெப்பாசிட்டரில் சிறிது நேரம் தங்கியிருக்கும். அதைப் பாதுகாப்பாக இறக்கப் பயிற்சி இல்லாதவர்கள் உறையைத் திறக்கவே கூடாது.

மாற்றுப் பாகத்தைப் பொறுத்தவரை, இந்தச் சர்வர்களில் உள்ளது ஃபிளெக்ஸ் ஏடிஎக்ஸ் எனப்படும் ஒல்லியான வகையைச் சேர்ந்தது. அதன் வழக்கமான அளவு 150 × 81.5 × 40.5 மில்லிமீட்டர். ஆனாலும் பழையதை வெளியே எடுத்து அளவுகோலால் அளந்து, ஸ்க்ரூத் துளைகளின் இடம், விசிறி காற்றைத் தள்ளும் திசை, கம்பிகளின் நீளம், கனெக்டர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே வாங்க வேண்டும். மேலே இருக்கும் பவர் சப்ளையிலிருந்து அடியில் இருக்கும் மதர்போர்டு வரை கம்பி எட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எட்டாவிட்டால் 24 முனை நீட்டிப்புக் கம்பி ஒன்று தேவைப்படும். வேறு நிறுவனச் சர்வர்களில் கனெக்டர் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தும் முனைகளின் வரிசை மாறியிருக்கக்கூடும். அங்கே கையேட்டைப் பார்க்காமல் செருகினால் மதர்போர்டே போய்விடும்.

திறன் எவ்வளவு வேண்டும் என்பதை எளிய கணக்கிலேயே காணலாம். ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். நான்குக்கு 8 ஆம்பியர், அதாவது 96 வாட். புராசசருக்கு வகையைப் பொறுத்து 12, 15 அல்லது 25 வாட். மதர்போர்டையும் விசிறியையும் சேர்த்தால், 150 வாட் பவர் சப்ளைக்குத் தொடக்கத்தில் மிச்சம் அதிகமில்லை. அதனால் 200 முதல் 250 வாட் வரை உள்ளதை வாங்குவதே பொருத்தம். மொத்த வாட்டைவிட, லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று இருக்கிறது என்பதே முக்கியம். பழைய சர்வரிலிருந்து கழற்றிய அசல் பாகம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதன் கெப்பாசிட்டர்களுக்கும் அதே வயதுதான் என்பதால், புதிய பொதுவகைப் பாகத்தையே நான் பரிந்துரைப்பேன்.

பொருத்தும்போது பின்புற ஸ்க்ரூக்களை முதலில் தளர்வாக மாட்டி, கம்பிகளைப் பழைய பாதையிலேயே இறக்கி, பெரிய விசிறியின் இறக்கையில் எதுவும் படாமல் கட்டிய பிறகு இறுக்க வேண்டும். 24 முனைக் கனெக்டரின் கொக்கி ‘டக்’ என்று அமர வேண்டும். மேல்பகுதியில் ஐந்தாவது டிஸ்க் வைத்திருப்பவர்கள் மோலெக்ஸ் எனும் பழைய நான்கு முனை மின் கனெக்டரிலிருந்து டிஸ்குக்கான சாட்டா கனெக்டருக்கு மாற்றும் கம்பியைப் பயன்படுத்தியிருப்பார்கள். அதன் முனை ஒரே வார்ப்பாக உருக்கி ஒட்டப்பட்டதாக இருந்தால் தூக்கி எறியுங்கள். உள்ளே கம்பிகள் நெருங்கித் தீப்பற்றும் குறை அந்த வகைக்கு உண்டு. கம்பிகள் தனித்தனியே அழுத்திப் பொருத்தப்பட்ட வகையே பாதுகாப்பானது.

முதல் முறை டிஸ்குகள் இல்லாமல் தொடங்கி, தொடக்கத்தில் தோன்றும் பயாஸ் திரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பியிருந்தால், அது பவர் சப்ளையின் குற்றமன்று. சிஆர்2032 பேட்டரியை அதே அமர்வில் மாற்றிவிடலாம். பிறகு சர்வரை அணைத்து, எழுதி வைத்த வரிசைப்படி டிஸ்குகளைச் செருகி, மீண்டும் தொடங்குங்கள். தட்டு உள்ளே போன பிறகு 24 முனைக் கனெக்டரை எட்ட முடியாது என்பதால், மேல்பகுதியில் மிச்சமிருக்கும் மோலெக்ஸ் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்து, டிஸ்குகள் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் மஞ்சள் கம்பி 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். இறங்காவிட்டால் ரெய்டு நிலையையும், டிஸ்குகள் தம் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையையும் பார்த்து, முழுத் தொகுதியையும் ஒருமுறை படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப்பை ஓடவிடுங்கள்; திடீர் மின்வெட்டுகளால் கோப்பு முறைமையில் ஏற்பட்டிருக்கக்கூடிய பிழைகள் அப்போது தெரியவரும், புதிய பவர் சப்ளைக்கும் அது நல்ல நீண்ட சுமைச் சோதனையாக அமையும்.