டிராவல் டிரெய்லர் ஆடாம நிக்கணுமா? ஸ்டெபிலைசர் ஜாக்ல பண்ணக்கூடாத தப்புங்க

போன மாசம் டெக்சாஸ்ல பாலோ டூரோ கேன்யன் ஸ்டேட் பார்க்ல சாயங்காலம் எங்க டிராவல் டிரெய்லர (காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி) நிப்பாட்டி டீ போட்டுக் குடிச்சுக்கிட்டு இருந்தோம், பக்கத்து சைட்டுக்கு நம்ம தமிழ்க் குடும்பம் ஒண்ணு புத்தம் புது டிரெய்லரோட வந்து இறங்குச்சு. முதல் டிரிப் போல, பசங்க ரெண்டு பேரும் படியில ஏறி இறங்கி ஓடிக்கிட்டு ஒரே சந்தோஷம். அந்த சைட் வலது பக்கம் கொஞ்சம் சரிவு. அந்த வீட்டுக்காரரு நேரா டிரில்ல எடுத்து சாக்கெட்ட மாட்டி வலது பின் மூலை ஸ்டெபிலைசர் ஜாக்க (நிப்பாட்டின வண்டி ஆடாம இருக்க மூலையில மாட்டியிருக்கற கால்) சுத்த ஆரம்பிச்சுட்டாரு, மூலை மெதுவா மேல எழும்புது, டயரோட அடிப்புடைப்பு குறைஞ்சுக்கிட்டே வருது. எனக்கு உக்கார முடியல, டம்ளர வச்சுட்டு ஓடிப்போய் "தம்பி, ஒரு நிமிஷம் நிறுத்துங்க"ன்னேன். "ஏண்ணா, ஜாக்குதானே, தூக்கத்தானே குடுத்திருக்காங்க?"ன்னாரு. ஏழு வருஷம் முன்னாடி நான் கேட்டதும் இதே கேள்விதான்.

அதனாலதான் இத உக்காந்து எழுதறேன். ஜாக்க மேல ஏத்தாம வண்டிய எடுக்கிறது, ஹேண்டில வீட்ல மறந்துட்டு வர்றது, இதெல்லாம் ஒரு தடவ பட்டா தானா சரியாயிடும், அத விட்டுடறேன். காசு போற தப்புங்கள மட்டும் சொல்றேன்.

எந்த ஆட்டம்னு தெரியாமலே ஜாக் வாங்கறது

"வண்டி ஆடுது, எந்த ஜாக் நல்லது?"ன்னு எல்லாரும் கேக்கறாங்க. எப்படி ஆடுதுன்னு கேட்டா பதில் இல்ல. நிப்பாட்டின டிரெய்லர்ல ஆட்டம் மூணு விதம். ஒண்ணு மேல கீழ குதிக்கிறது, ஆக்சில் நடுவுல இருக்கு, முன்னாடியும் பின்னாடியும் நீட்டிக்கிட்டு இருக்கு, ஒரு முனையில கால் வச்சா பார்க்ல பசங்க ஆடற சீசா பலகை மாதிரி அமுங்குது. ரெண்டாவது இடவலமா சாயறது, டயர் ரப்பரும் லீஃப் ஸ்பிரிங்கும் வளைஞ்சு குடுக்குது. மூணாவது முன்னபின்ன இழுக்கறது, சக்கரம் கொஞ்சமே கொஞ்சம் உருண்டு திரும்புது. உள்ள ஒருத்தர நடக்கச் சொல்லிட்டு நீங்க வெளிய மூலையில கைய வச்சுக்கிட்டு நில்லுங்க, ரெண்டு நிமிஷத்துல எது அதிகம்னு கைக்கே தெரிஞ்சுடும்.

குதிக்கிறதுக்கு நாலு மூலையில சிசர் ஜாக் (கத்திரி மாதிரி விரியற ஸ்டெபிலைசர்) போதும், நல்லாவே நிறுத்தும். இடவல சாய்வுக்கும் அதுவே பாதி வேலை செய்யும். ஆனா முன்னபின்ன இழுவைக்கு எத்தனை விலை குடுத்து எந்த சிசர் ஜாக் வாங்கினாலும் பெருசா பலன் இல்ல. ஏன்னா கால் செங்குத்தா நிக்குது, மேலயிருந்து வர்ற பாரத்தத் தாங்கும், பக்கத்துலயிருந்து தள்ளினா அதோட கீல் எல்லாம் வளைஞ்சு குடுக்கும். பழைய பெஞ்சு ஆடினா ஆசாரி என்ன பண்ணுவாரு, கால மாத்த மாட்டாரு, குறுக்க ஒரு சட்டம் அடிப்பாரு, முக்கோணம் ஆயிடுச்சுன்னா ஆட்டம் நின்னுடும். டிரெய்லருக்கும் அதேதான். ஜாக் பாதத்துலயிருந்து ஃபிரேமுக்கு சாய்வா மாட்டற பிரேஸ் கம்பி விக்கிறாங்க, டேண்டம் ஆக்சில்னா (ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ரெண்டு ஆக்சில்) ரெண்டு டயருக்கும் நடுவுல வச்சு விரிச்சு இறுக்கற எக்ஸ் வடிவ சாக் (சக்கரத் தடை) விக்கிறாங்க. முன்னபின்ன ஆட்டம்தான் உங்க பிரச்சனைன்னா முதல் காச அந்த எக்ஸ் சாக்ல போடுங்க. நான் மூணு வருஷம் தப்பான பொருள்ல செலவு பண்ணிட்டு அப்புறம்தான் அத வாங்கினேன், முதல் ராத்திரியே வித்தியாசம் தெரிஞ்சுது.

ஸ்டெபிலைசர் ஜாக்க வச்சு வண்டிய லெவல் பண்றது

இதுதான் பெரிய தப்பு. இத நினைச்சா எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வருது, அதனால நீளமாவே சொல்றேன்.

பாதி பிரச்சனை பேர்லயே இருக்கு. ஊர்ல ஜாக்கின்னாலே தூக்கற சாமான்தான், பஞ்சர் ஆனா ஜாக்கி வைப்போம், லாரிக்கு ஜாக்கி வைப்போம். அதே பழக்கத்துல இதையும் பார்க்கறோம். ஆனா இது ஜாக்கி இல்ல, முட்டு. குலை தள்ளின வாழைக்கு முட்டுக் குடுக்கறோம்ல, கம்ப வச்சு மரத்த மேல தூக்கறதில்ல, அது நிக்கிற நிலையில சாயாம இருக்க அண்டக் குடுக்கறோம். ஸ்டெபிலைசர் வேலை அவ்வளவுதான். பாரம் முழுக்க டயர்லயும் முன்னாடி மூக்குல இருக்கற டங் ஜாக்லயும் இருக்கணும், மூலையில இருக்கற நாலு காலும் சும்மா இறுக்கமா தொட்டுக்கிட்டு நிக்கணும்.

என் கதை இது. செகண்ட் ஹேண்ட்ல 26 அடி வண்டி, டேண்டம் ஆக்சில், ஒரு ஸ்லைட் அவுட் (பட்டன அழுத்தினா வெளிய நீளற அறைப்பகுதி). வித்தவரு "நாலு மூலையிலயும் ஸ்ட்ராங் ஜாக் போட்டிருக்கு, எங்க வேணா லெவல் பண்ணிக்கலாம்"னு சொன்னாரு, நான் நம்பினேன். மேற்கு டெக்சாஸ்ல டேவிஸ் மவுண்டன்ஸ் ஸ்டேட் பார்க் போயிருந்தோம், அங்கேருந்து மெக்டொனால்ட் அப்சர்வேட்டரி பக்கம்தான், ராத்திரி ஸ்டார் பார்ட்டிக்கு டிக்கெட் எடுத்திருந்தோம், நேரமாயிடுச்சு. ரசமட்டம் வச்சுப் பார்த்தா வலது பின்பக்கம் தாழ்வு. முறையாச் செய்யணும்னா வண்டிய கொஞ்சம் நகத்தி வலது சக்கரம் ரெண்டுக்கும் அடியில பிளாஸ்டிக் பிளாக் அடுக்கி அதுமேல ஏத்தணும், பத்து நிமிஷ வேலை. நான் டிரில்ல எடுத்து அந்த மூலை ஜாக்க மூணு இன்ச் ஏத்திட்டேன். ரசமட்டத்துல குமிழ் நடுவுல வந்துச்சு, சந்தோஷமா நட்சத்திரம் பார்க்கப் போயிட்டோம்.

காலைல கதவு சாத்த மாட்டேங்குது. தாழ்ப்பாள் நாக்கு பிளேட்டுக்குக் கொஞ்சம் மேல போய் முட்டுது. ஜாக்க இறக்கினேன், கதவு சாத்திக்கிச்சு, சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன். நாலு மாசம் கழிச்சு படுக்கைக்குக் கீழ வலது பின் மூலையில கால் வச்சா தரை மெத்துன்னு அமுங்குது. ஷாப்ல காமிச்சா, கூரை மூலையில சீலன்ட் தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல் விட்டிருக்கு, அது வழியா மழைத்தண்ணி சுவருக்குள்ள இறங்கிப் பலகை ஊறிப்போச்சு. ஜாக் மாட்டியிருந்த போல்ட் ஓட்டை ரெண்டும் வட்டமா இருந்தது நீள்வட்டமா ஆகியிருந்துச்சு. பில் 2,300 டாலர்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, அடியில ஃபிரேம்னு இருக்கறது முன்னயிருந்து பின்ன வரைக்கும் ஓடற ரெண்டு நீள ஐ பீம், நடுவுல குறுக்குக் கம்பிங்க. ஒரு மூலைய மட்டும் தூக்கினா மத்த மூணும் இருந்த இடத்துலயே நிக்கும், ஃபிரேம் ஈரத்துணியப் பிழியற மாதிரி முறுக்கிக்கும். அதுக்கு மேல இருக்கற பெட்டி மெல்லிசு மரம், அலுமினியச் சட்டம், பசை, ஸ்டேப்பிள், அதுக்கு அந்த முறுக்கத் தாங்கற தெம்பு கிடையாது. கதவு ஓட்டை, ஜன்னல் ஓட்டை, ஸ்லைட் அவுட் ஓட்டை இதெல்லாம் கோணும். கோணின நேரத்துல ஸ்லைட் பட்டன அழுத்தினீங்கன்னா மோட்டார் திணறும், சீல் கிழியும்.

அதவிட பயமான விஷயம், டிரெய்லருக்குப் பார்க்கிங் பிரேக் கிடையாது. சக்கரத்துக்குக் கட்டை போட்டுருக்கோம்னு தைரியமா இருப்போம், ஆனா அந்தக் கட்டை பிடிக்கறது டயர் தரைய அழுத்தி நிக்கிற வரைக்கும்தான். ஜாக்ல தூக்கி டயர் லேசாயிடுச்சுன்னா கட்டைக்கு வேலையே இல்ல, சரிவுல வண்டி ஜாக்கோட சேர்ந்து சறுக்கலாம். உள்ள குழந்தைங்க தூங்கிக்கிட்டு இருக்கும்.

பெட்டியில 5,000 பவுண்டு, 7,500 பவுண்டுன்னு போட்டிருக்கேன்னு சொல்லுவாங்க. அந்த நம்பர் ஜாக்கோட இரும்பு எவ்வளவு தாங்கும்கறதுக்கு. உங்க ஃபிரேம், அந்த போல்ட், மேல இருக்கற சுவர், இதப்பத்தி அந்த நம்பர் ஒரு வார்த்தை சொல்லல. முட்டுக் குடுக்க 5,000 தாராளம், பெரிய நம்பர் வாங்கினா எடை ஏறும், தூக்கணும்கற ஆசையும் ஏறும்.

சரியான வரிசை இதுதான்: முதல்ல டவ் வண்டியோட (இழுக்கற வண்டி) சேர்ந்திருக்கும்போதே இடவலம் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரம் எல்லாத்துக்கும் அடியில பிளாக் போட்டு ஏத்துங்க, டேண்டம்னா ரெண்டுக்கும் போடணும், ஒண்ணுக்கு மட்டும் போட்டு விட்டுடாதீங்க. அப்புறம் கட்டை போடுங்க, ரெண்டு பக்கமும். அதுக்கப்புறம்தான் ஹிட்ச்ச (ரெண்டு வண்டியையும் சேர்க்கற இணைப்பு) கழட்டணும், டங் ஜாக்ல முன்னபின்ன லெவல் பண்ணணும், வண்டி எடையில 10 லிருந்து 15 சதவீதம் அந்த மூக்குமேல உக்காந்திருக்கு, அதத் தூக்கவே செஞ்ச ஜாக் அது. எல்லாம் லெவல் ஆனதுக்கு அப்புறம் கடைசியா ஸ்டெபிலைசர். தரையத் தொட்டதுக்கப்புறம் கைப்பிடியில கால் சுத்து, அரை சுத்து, நிறுத்திடுங்க. ரசமட்டத்துல குமிழ் நகந்துச்சுன்னா நீங்க தூக்க ஆரம்பிச்சுட்டீங்கன்னு அர்த்தம்.

அந்தத் தம்பியும் நானும் அன்னைக்கு ஜாக்க முழுசா மடிச்சு வச்சுட்டு டவ் வண்டிய மறுபடி மாட்டி, பிளாக் போட்டு முதல்லயிருந்து செஞ்சோம். அவரு மனைவி டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னாங்க. மொத்தம் பன்னெண்டு நிமிஷம்.

ஃபிரேம் உயரம் அளக்காம ஆர்டர் பண்றது

வண்டிய லெவல் பண்ணிட்டு ஃபிரேமோட அடிப்பக்கத்துலயிருந்து தரை வரைக்கும் டேப் வச்சு அளங்க. சிசர் ஜாக் 24 இன்ச், 30 இன்ச்னு வரும், அது முழுசா விரிஞ்ச உயரம். உங்க ஃபிரேம் 26 இன்ச்ல இருந்தா 24 எட்டவே எட்டாது. முழு உயரத்துக்கு விரிஞ்ச ஜாக் ஒல்லியா நிமிந்து நிக்கும், அது தானே ஆடும். ரொம்பத் தட்டையா இருக்கும்போதும் ஸ்க்ரூமேல பாரம் ஏறி சுத்தவே வராது. பாதிக்குக் கொஞ்சம் மேல விரிஞ்சு நிக்கிற மாதிரி பார்த்து வாங்குங்க, மிச்ச உயரத்துக்கு அடியில மரக்கட்டை குடுங்க. இன்னொண்ணு, மடிச்சு வச்சாலும் ஃபிரேமுக்குக் கீழ நாலஞ்சு இன்ச் தொங்கும், பெட்ரோல் பங்க் சரிவுல பின்பக்க ஜாக் தேய்ஞ்சா அதுதான் காரணம்.

பம்பர்ல மாட்டறது

வேண்டாம். பின்பக்க பம்பர்னு இருக்கற அந்த 4 இன்ச் சதுரக் குழாய் சீவர் ஹோஸ் (கழிவுநீர்க் குழாய்) வைக்கறதுக்கு.

டிரில்லோட பலத்த நம்பறது

டிரில்ல வச்சு இறக்கறது தப்பில்ல, நிறைய ஜாக்குக்கு முக்கால் இன்ச் சாக்கெட் உக்காரும், நானும் அதான் பண்றேன். ஆனா தரையத் தொடறதுக்கு ஒரு இன்ச் முன்னாடி டிரில்ல கழட்டிட்டுக் கைப்பிடிய எடுங்க. இம்பாக்ட் டிரில் பிடிச்சிருக்கற கைக்குப் பாரம் தெரியாது. கைப்பிடியில சுத்தும்போது தொட்ட உடனே ஒரு இறுக்கம் மணிக்கட்டுல தெரியும், அந்த இடம்தான் உங்களுக்கு வேணும். ஸ்க்ரூல மண் ஒட்டற கிரீஸ் பூசாதீங்க, காஞ்ச லூப்ரிகன்ட் ஸ்ப்ரே போதும்.

எலக்ட்ரிக்னா ஆடாதுன்னு நினைக்கிறது

மோட்டார் உங்க முதுகுவலியக் குறைக்கும். ஆட்டத்தக் குறைக்காது.

வாங்கறதா இருந்தா பேட்டரி தீர்ந்தாலும் கையால இறக்கி ஏத்த வழி இருக்கான்னு மட்டும் பாருங்க.

வெறும் தரையில பாதத்த வைக்கிறது

ஜாக்கோட பாதம் சின்னது. பாட்ரே ஐலண்ட் கடற்கரை மணல்ல நாங்க தங்கினப்போ சாயங்காலம் இறுக்கின ஜாக்கோட பாதத்துக்கு அடியில காலைல மணல் அமுங்கிப்போய், முட்டு லூஸாயிடுச்சு, ராத்திரி முழுக்கக் காத்துல வண்டி ஊஞ்சல் ஆடினதுக்குக் காரணம் அதான். கோடையில தார்த் தரையும் இளகும். 2க்கு 10 இன்ச் பலகைய ஒரு அடி நீளத்துக்கு வெட்டி நாலு துண்டு எப்பவும் வண்டியில வச்சிருங்க, மணல்னா ரெண்டு துண்டக் குறுக்கும் நெடுக்குமா அடுக்குங்க.

ராத்திரி இறுக்கினத மறுநாள் பார்க்காம விடறது

வெயில்ல இறுக்கினா டயருக்குள்ள காத்து விரிஞ்சிருக்கும், விடியக்காலை குளிர்ல சுருங்கிடும், ரெண்டு டயருக்கும் நடுவுல மாட்டின எக்ஸ் சாக் அப்படியே தளர்ந்துடும். அதுக்காக முதல்லயே டயர் பிதுங்கற அளவுக்கு இறுக்கி வச்சுடாதீங்க, பக்கச் சுவர் கெட்டுப்போகும், மதியம் சூடேறினா இன்னும் அழுத்தம் கூடும். காலைல ஒரு சுத்து நடந்து வந்து ஒவ்வொண்ணையும் கையால அசைச்சுப் பாருங்க, லூஸா இருக்கறத மட்டும் கால் சுத்து இறுக்குங்க.