ஆர்சி கார் வீலுக்குப் பெயின்ட் வேண்டாம், சாயம் ஏத்துங்க

ஆர்சி கார்னா ரிமோட்ல ஓட்டுற குட்டி கார். அதோட வீல் பெரும்பாலும் நைலான். ஸ்பிரே பெயின்ட் அதுல சரியா ஒட்டாது. வேலூர் கோட்டை மைதானத்துல ரெண்டு ரவுண்டு ஓட்டினதுமே எனக்குச் செதில் செதிலா உரிஞ்சிடுச்சு. அப்புறம் வெள்ளை வீல் வாங்கி சாயம் ஏத்தினேன். நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோலுக்குப் போடுற ஆசிட் டைங்கிற சாயம் நைலானையும் நல்லா பிடிக்கும்.

டயரைக் கழற்றி, பிசுக்கு போக சோப்புப் போட்டுக் கழுவுங்க. சமையலுக்கு இனி எடுக்கவே கூடாத பழைய பாத்திரத்துல தண்ணி, சாயம், கொஞ்சம் வினிகர். கையுறை கட்டாயம். தளதளன்னு கொதிக்க விடாதீங்க, வீல் கோணிக்கலாம். ஓரத்துல சின்னக் குமிழ் வர்ற சூட்டுலயே 20 நிமிஷம் புரட்டிக்கிட்டே இருங்க. பச்சைத் தண்ணியில அலசினா, ஸ்போக் இடுக்கு வரைக்கும் ஒரே கறுப்பு! குரோம் பூசின வீலுக்கு இது ஒத்துவராது.