நல்லூரை நடந்து பார்க்க ஒரு நாள்

ஊருக்குப் போகிற எல்லோரும் யாழ்ப்பாணத்து நல்லூருக்குப் போகிறோம். ஓட்டோ வாசலில் நிற்கும், கும்பிடுவோம், கோபுரத்தோடு ஒரு படம், பிறகு ஐஸ்கிறீம். நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான். மூன்றாம் தடவை, பெரியப்பா முறையான ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "தம்பி, நீர் கோயிலைத்தான் பாத்தனீர், நல்லூரைப் பாக்கேல்லை" என்று சொல்லி விடியவே நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். அன்று நடந்த வழியைத்தான் எழுதுகிறேன்.

நல்லூர் ஒருகாலத்தில் யாழ்ப்பாண அரசின் தலைநகர். அரண்மனை இன்று இல்லை. ஆனால் நாலு திக்கிலும் நகருக்குக் காவலாக வைத்ததென்று யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூல் சொல்லும் கோயில்கள் உண்டு: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாச பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். இப்போதைய கட்டடங்கள் பிற்காலத்தவை. பழங்கல்லைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடக்கும்போதுதான் நகரம் எவ்வளவு பெரிதென்று பிடிபடும்.

விடியப்புறப் பூசைக்குக் கந்தசுவாமி கோயிலில் நில்லுங்கள். பூசை நேரம் உங்களுக்காக ஒரு நிமிடமும் தள்ளிப்போகாது. ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். வேட்டி கட்டினால் நல்லது. பெண்களுக்குச் சேலையோ பஞ்சாபியோ போதும். உள்ளே கைபேசியை வெளியே எடுக்காதீர்கள். மூலத்தானத்தில் இருப்பது வேல்தான். வழக்கமான விக்கிரகத்தைத் தேடி நிற்கும் பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். இது பழைய கோயில் இருந்த இடமல்ல. பழையதை 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா இடிப்பித்தான். இப்போதுள்ளது 1734இல், ஒல்லாந்தர் காலத்தில், குருக்கள் வளவு என்ற காணியில் எழுந்தது. திருவிழாவுக்குப் போனால் கட்டியத்தை, அதாவது சுவாமிக்கு முன்னால் உரத்துச் சொல்லும் வாழ்த்தை, காதுகொடுத்துக் கேளுங்கள்: புவனேகபாகு என்ற பெயர் வரும். 15ஆம் நூற்றாண்டில் தென்னிலங்கையின் கோட்டை அரசிலிருந்து படையெடுத்து வந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட செண்பகப்பெருமாள், சிங்களத்தில் சப்புமல் குமாரய, பிறகு கோட்டைக்கே அரசனாகிச் சூடிக்கொண்ட பெயர் அது. கட்டியத்தில் வருவது அவன்தான் என்பார் பலர். அதற்கும் முந்திய மந்திரி ஒருவன் என்பாரும் உண்டு. அவன்தான் என்றால், நம்மை வென்றவனைத்தான் நல்லூரான் வாசலில் இன்றும் வாழ்த்துகிறோம். பெரியப்பா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

பூசை முடிய ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் தெற்கே கைலாச பிள்ளையாரிடம் போங்கள். பிறகு மேற்கே வீரமாகாளி. நகரை வலம் வருகிற ஒழுங்கும் இதுதான். கந்தசுவாமி கோயிலின் பின்வீதிப் பக்கம் விடுதலைப் புலிகள் இயக்கத்துத் திலீபனின் நினைவிடம் இருக்கிறது. 1987 செப்டெம்பரில் அவர் நீர்கூட அருந்தாமல் உண்ணாநோன்பிருந்தது நல்லூரில்தான். சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் பிறந்ததும் (1822) இந்த மண்ணில்தான். வேல் மூலவராக இருப்பது ஆகமத்துக்கு ஒவ்வாது என்று இதே கோயிலோடு வாதாடியவர் அவர்.

உச்சிப் பூசை முடிந்தால் கோயில்கள் பூட்டிவிடுவார்கள். வெயிலும் பொறுக்காது. சாப்பிட்டு, மூன்றரை மணி வரை ஆறுதலாகப் படுங்கள். ஒரே மூச்சில் முடிக்க நினைப்பவர்கள் முதியவர்களை வீட்டில் விட்டுவிட்டு வரட்டும்.

பின்னேரம்தான் எனக்குப் பிடித்த பகுதி. பருத்தித்துறை வீதியால் வடக்கே நடந்தால் சட்டநாதர் கோயில், அதனருகே மந்திரிமனை. மந்திரிமனையின் இன்றைய கட்டடம் அரசர் காலத்ததல்ல. மிகவும் நலிந்துபோயிருக்கிறது, வெளியில் நின்றே பாருங்கள். திரும்பி வரும்போது சங்கிலித்தோப்பின் தோரணவாயில் வீதியோரமாகவே நிற்கும். கடைசி அரசன் சங்கிலியைப் போர்த்துக்கேயர் 1619இல் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். முத்திரைச் சந்தியில் குதிரையேறி நிற்கும் சிலை அவனுடையது. சந்தியிலுள்ள கிறிஸ்தவ தேவாலயத்தின் பக்கமாகத்தான் பழைய கந்தன் கோயில் இருந்ததென்பார்கள். அதன் பின்புறம் யமுனா ஏரி. பெயர்தான் ஏரி, பார்த்தால் 'ப' எழுத்தைப்போல் வெட்டிய கேணி. யமுனையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து விட்டதாகக் கதை. படிகள் சறுக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பெரியப்பா இதில் அரைமணி நேரம் பேசாமல் இருந்தார். நானும் கேட்கவில்லை.

பொழுதுபட முன்னம் கிழக்கே வெயிலுகந்த பிள்ளையாரைக் கும்பிட்டால் வட்டம் முடிந்தது.

தை முதல் பங்குனி வரை நடக்க நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடி அமாவாசைக்குப் பிறகு தொடங்கும் 25 நாள் திருவிழாவில் வீதிகள் மறிபடும். அப்போது திருவிழாவை மட்டும் பாருங்கள். கல்லும் மணலும் கொதிக்கும், ஆகவே கழற்ற இலகுவான செருப்பு, தண்ணீர்ப் போத்தல், அருச்சனைக்கும் உண்டியலுக்கும் சில்லறை. பவுண்ட்ஸ், டொலர் நோட்டை அங்கே நீட்டாதீர்கள்.

கூட்டிப்போக அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சொந்தக்காரர் மூலம் பிடியுங்கள். பலர் காசு வாங்கமாட்டார்கள். கையில் திணித்தால் கோபம் வரும். நான் பெரியப்பாவுக்கு ஒரு நல்ல வேட்டியும் மூக்குப்பொடி டப்பாவும் கொடுத்தேன். வேட்டியைத் திருப்பித் தந்துவிட்டார்.