கதையில டிராகன் ஒழிப்பு எழுதுறது எப்படி?

உங்க ஃபேன்டஸி நாட்டுல டிராகனையெல்லாம் கொன்னு தீர்த்தாச்சுன்னு ஒரே வரில முடிச்சிடாதீங்க, யார் காசு குடுத்தா, ஒரு தலைக்கு எவ்வளவு, தலையை எண்ணினது யாருன்னு முதல்ல யோசிங்க, ஏன்னா பரிசுக் காசுன்னு வந்தாலே முட்டையைத் திருடி ரகசியமா வளர்த்து விக்கிறவனும் வந்துடுவான் (எனக்குப் பிடிச்ச கேரக்டரே அவன்தான்).

அப்புறம் காடு. சீனாவுல 1958ல சிட்டுக்குருவிய ஒழிக்கக் கிளம்பினாங்க, பூச்சி பெருகி பயிர் போச்சு, 1960ல குருவிய விட்டுட்டு மூட்டைப்பூச்சிய ஒழிக்க வேண்டிய லிஸ்ட்ல சேர்த்தாங்க. அதே லாஜிக்தான், டிராகன் போனா அது தின்ன மானும் பன்னியும் பெருகி வயலுக்குள்ள வரும்.

நூறு வருஷம் கழிச்சு என்ன மிச்சம்னும் எழுதுங்க: வேலையில்லாத வேட்டைக்காரப் பரம்பரை, எலும்பு வச்சுக் கட்டின கோட்டை வாசல், டிராகனையே பாக்காத அம்மாங்க பாடுற தாலாட்டு. போர் சீன் ரெண்டு போதும்.